துயர்நேரம்

அமலோற்பவத்தின் மணிக்கட்டில் இருந்த மூச்சுப்பட்டை அன்று காலையும் பச்சையாகவே ஒளிர்ந்தது. பச்சை என்றால் வீடு இல்லை என்று அர்த்தம்.

அரசுக் குடியிருப்புக்கு இப்போது சிபாரிசும் கிடையாது, மனுவும் கிடையாது. நோயாளியின் உடம்பே மனு. இரத்தத்தில் உயிர்வளி குறையும் நொடியைப் பட்டை அறிந்துகொள்ளும். திணறல் தொடங்கியதிலிருந்து தணியும் வரை ஓடும் காலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். திணறல் நீண்டால் பச்சை சிவப்பாகும். கூட்டிவந்த காலத்துக்குத் துயர்நேரம் என்று பெயர். துயர்நேரம் அதிகம் உள்ளவருக்கு முதல் வீடு. இதைவிட நியாயமான ஏற்பாட்டை யாராலும் சொல்ல முடியவில்லை.

அவள் குடியிருந்தது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தரைத்தள வீடு. சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் பூஞ்சை. இந்தச் சுவர்களுக்குள் இன்னும் ஒரு மழைக்காலத்தை அவளுடைய நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஒதுக்கீட்டு மையத்துக் கணினி வேறு மாதிரி சொன்னது: "உங்கள் திணறல் விரைவில் தணிகிறது. தற்போதைய வீடு போதுமானது."

பக்கத்து வீட்டு ஷகிலாவிடம் வந்து சொன்னாள்.

"அதெப்டிக்கா? செத்துச் செத்துப் பொழைக்கிற நீ. அதுக்கு இன்னா கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்றபடி ஷகிலா அவள் கையைப் பிடித்துப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. "அக்கா, நாந்தான் காரணம்."

அமலோற்பவம் வீட்டில் மின்செருகியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். அதனால் மருந்தை ஆவியாக்கும் நெபுலைசர் ஷகிலா வீட்டில்தான் இருந்தது. மூச்சு முட்டினால் இவள் கரண்டியால் சுவரில் தட்டுவாள். ஷகிலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இவளைத் தூக்கிப்போக ஓடி வருவாள்.

"அப்ப அது எதை அளக்குது? உன் நோயையா, என் ஓட்டத்தையா?"

ஷகிலா பிடித்திருந்த கையை மெல்லக் கீழே விட்டாள்.

"அடுத்த தபா தட்டுனா லேட்டா வரேன்" என்றாள் ஷகிலா.

"எவ்ளோ லேட்டா?"

"பட்டை செவக்கிற வரைக்கும்."

"அது செவக்கிறதுக்குள்ள நான் கறுத்துப் பூட்டா?"

"பூட்டா உன் கட்டில நான் எட்துக்குவேன்." சிரிக்கத்தான் தொடங்கினாள். அது பாதியில் நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து, மழை பிடித்துக்கொண்ட மதியத்தில் மூச்சு முட்டியது. அமலோற்பவம் தட்டினாள். ஓடி வந்த காலடி வாசலில் நின்றது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஷகிலாவின் பாதங்கள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தன. நெஞ்சு கல்லாகிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது: இந்தப் பாதங்களின் துயர்நேரத்தை யார் அளப்பார்கள்?

பட்டை சிவந்தது. ஷகிலா கதவை உடைப்பதுபோல் உள்ளே வந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவளைத் தூக்கிப் போனாள்.

மழைக்காலம் முழுவதும் அப்படியே நடந்தது. தெருவும் கற்றுக்கொண்டது. அந்தத் தெரு மட்டுமல்ல. பட்டை கட்டிய ஊரெங்கும் யாருக்காவது திணறினால் அக்கம்பக்கத்தார் வாசலில் கூடி நின்றார்கள். குழந்தைகளை வாய்மூடச் சொன்னார்கள். அவசரப்பட்டு உள்ளே நுழைந்த ஒருவனை ஒரு தாய் தெருவில் நிறுத்திக் கேட்டாள்: "என் புள்ளைக்கு வூடு வர நேரத்துல பூந்து கெடுத்தியே, நீ நல்லா இருப்பியா?"

அமலோற்பவத்துக்கு ஒன்பதாவது மாடியில் வீடு வந்தது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் உலர்சுவர்கள். சன்னல் நிறையக் காற்று. கொஞ்ச நாளில் இருமல் நின்றது. பிறகு, புது வீட்டுக்கென்று வாங்கிய மருந்து உறிஞ்சியை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோனது. பெரிய வீடு வேண்டுவோர் மீண்டும் கோரலாம் என்பதால் பட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

ஒரு மாலை நடைவழிச் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். அந்த நெடி கதவிடுக்கு வழியாக வந்து அவள் தொண்டையைப் பிடித்தது. உறிஞ்சியைத் தேடி எடுத்து அழுத்தினாள். வெறும் காற்று சீறியது. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருந்தவள் பிரேமாவதி. காலையில் மின்தூக்கியில் பார்த்தால் பிரியமாகச் சிரிப்பவள். அவளுக்கும் அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் பட்டை சிவந்துதான் வீடு கிடைத்திருந்தது.

உள்ளே காலடிகள் விரைந்து வந்தன. கதவருகே நின்றன. அமலோற்பவம் மறுபடி தட்டினாள். பேச வாயைத் திறந்தாள்; பேச்சுக்கு மூச்சு இல்லை.

"தெரியுதும்மா" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து பிரேமாவதியின் குரல், மிகவும் கனிவாக. "பெரிய வீட்டுக்குப் பதிஞ்சிருக்கீங்களா? தைரியமா இருங்க. இங்க யாரும் குறுக்க வர மாட்டோம்."

நடைவழி நெடுகத் திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. உள்ளே தொலைக்காட்சிகளின் ஒலியை மரியாதையாகக் குறைத்தார்கள்.