பூஜ்யம் காட்டாத மீட்டர்

இரண்டாயிரத்து நாலு, சித்திரை வெயில். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெல்டர் பர்வேஸ் சாலவாக்கம் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, குழாயின் இரண்டு வாயையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஆள் தவழ்ந்து போகிற அகலம். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போகிற குழாய் அது. உப்புத் தண்ணீருக்கு மசியாத உசத்தி ஸ்டீல்தான், ஆனால் பற்றவைக்கும்போது உள்ளே துளி காற்று இருந்தாலும் கறுத்துப் பாழாய்ப் போய்விடும். அதனால் ஆர்கான் வாயுவை விட்டுக் காற்றை விரட்டுவார்கள். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது; உள்ளே ஆள் இருந்தால் மூச்சுக்குக் காற்றில்லாமல் தனக்கே தெரியாமல் செத்துப்போவான்.

போன மாதம் கூட வேலை பார்த்த வேதகிரியைக் கொன்றதும் அதுதான். உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தவனை ஒரு குரல் கூப்பிட்டுப் பார்க்காமல் வால்வைத் திறந்தது பர்வேஸ். மாரடைப்பு என்று ஊரே நம்பியது. வேலை போகும், ஜெயில் வரும் என்று பயந்து, பர்வேஸும் உண்மையைச் சொல்லவில்லை.

"இன்னா பாய் இது?" குழாய்க்குள் இருக்கும் காற்றை அளக்கிற மீட்டரும் கையுமாக நின்ற ஹெல்பர் கல்பனா கேட்டாள். "ஒரு மணி நேரமா கேஸ் வுட்டுக்கினு கீறேன். உள்ள காத்து பூஜ்யத்துக்கு வரமாட்டேங்குது. ஏறுது, எறங்குது."

பர்வேஸ் எட்டிப் பார்த்தான். எண் ஏறியது. இறங்கியது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி நிதானமாக.

குழாயில் கை வைத்தான். அந்த வெயிலிலும் சில்லிட்டது. வேதகிரி பக்கத்தில் வந்தால் அடிக்கிற, பீடியும் வியர்வையும் கலந்த வாடை வந்தது. அடைத்த குழாய்க்கு ஏது வாடை?

எண் ஏறும்போதெல்லாம் தன் நெஞ்சும் ஏறுவதை அப்போதுதான் கவனித்தான்.

மூச்சைப் பிடித்தான்.

எண் நின்றது.

"கேஸ மூடு கல்பனா! மூடிடு!"

"நாளைக்கு லாரி வருது. பேஜார் பண்ணாதீங்க பாய்" என்று அவள் வால்வை இன்னும் திருகித் திறந்தாள்.

பர்வேஸ் குழாயில் வாயை வைத்துக் கிசுகிசுத்தான். "வேதகிரி... நான்தான்டா தொறந்தேன். கூப்டாம தொறந்துட்டேன். மன்னிச்சுக்கடா."

எண் இறங்கத் தொடங்கியது. மறுபடி ஏறவில்லை.

"வந்துடுச்சு பாய், பூஜ்யம்!" கல்பனா கைதட்டினாள். "பத்த வைங்க."

வயற்காற்று ஷெட்டுக்குள் புகுந்து அவன் சட்டையைப் படபடக்க வைத்தது. நெஞ்சுக்குள் மட்டும் பொட்டுக் காற்று போகவில்லை. வாயைப் பிளந்தபடி சரிந்தான். வால்வைப் பார்த்துக் கையை நீட்டினான். கல்பனா பதறி அவன் தலையைத்தான் மடியில் தூக்கி வைத்தாள்.

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, அடைத்த குழாய்க்குள் யாரோ ஒருவர் மெல்ல நகர்ந்து இடம் விடுகிற சத்தம் கேட்டது.