எட்டுக்கால் சாட்சி

அன்செல்மோ கண்ணைத் திறக்காமலேயே செத்துப்போனான்.

மாமரத்தடியில் வலை ஊஞ்சல். மதியத் தூக்கம். இரும்புக் குழாய் மண்டையில் ஒரே ஒரு முறை இறங்கியது. ஊஞ்சல் நாலு தடவை ஆடி நின்றது.

டெர்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபது.

அசுன்சியோன் நகரமே உறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தோரு டிகிரி வெயில்... பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை தெருவில் ஒரு நாய்கூடத் தலைகாட்டாது!

குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தான். வருத்தமா? துளிகூட இல்லை. ஒன்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் செய்த கூட்டாளி. அவன் டெர்லிஸின் மனைவி நிமியாவோடு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊரைவிட்டே கிளம்ப இருந்தான். டிக்கெட்டை அவள் கைப்பையில் பார்த்த நாளிலிருந்து டெர்லிஸுக்குச் சோறு இறங்கவில்லை.

போலீஸ் முதலில் தன்னிடம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். ஊர் தூங்கும் நேரத்தில் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால், நிமியாவும் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், அவன் வீட்டில் இருந்தான் என்று சொல்லவும் ஆள் இருக்காதே...

அதற்குத்தான் அந்தச் சின்ன சர்க்யூட்!

சிலந்தி மாதிரி எட்டுக்கால் வைத்த டைமர் சிப் இரண்டு. கிளம்பும்போது பட்டனை அழுத்தினால் முதல் சிப் பத்து நிமிஷம் வாய் மூடி இருக்கும். பிறகு இரண்டாவதை எழுப்பிவிடும். அது விட்டு விட்டுப் பஸ்ஸரை அலறவைக்கும். அவன் வேலை செய்யும்போது கேட்கும் அதே பீப்... தெருவே தூக்கம் கலைந்து திட்டும். திட்டட்டும்! திட்டுவதும் சாட்சிதானே?

முக்கியமாக, அடுத்த வீட்டு ரமோனா. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து சிப்பா ரொட்டி சுட்டு விற்கிறவள். அவளுக்கு இந்த மதியம்தான் ராத்திரி. அவள் வாயே போதும்.

ஆனாலும் ஆறு தெரு தாண்டும்வரை அவனுக்கு ஒரே கவலை. இந்த வெயிலில் டைமரின் கெப்பாசிட்டர் ஒழுகினால் பத்து நிமிஷம் இருபதாகும்... சில சமயம் வேலையே செய்யாது. அப்படி நடந்தால் அவன் கதை முடிந்தது.

தெருமுனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பீப்... பீப்... பீப்...

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பின்வாசல் வழியாக நுழைந்தான். பேட்டரியைப் பிடுங்கினான். குழாய் கிணற்றுக்குள் போனது. மணி ஒன்று நாற்பத்தைந்து.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் ஸுனில்டா. ஒடிசலான பெண்மணி. அன்செல்மோ செத்துக் கிடப்பதை மெதுவாகச் சொன்னாள். டெர்லிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அதையும் கண்ணாடி முன்னால் பழகித்தான் வைத்திருந்தான்.

"மதியம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். ஒரு மணியிலேர்ந்து இந்தப் பெஞ்சுலதான்... தெருவுல யாரை வேணா கேளுங்க."

"கேட்டாச்சு. பதினோரு வீட்டுலயும் பீப் சத்தம் கேட்டிருக்கு. திட்டாதவங்களே இல்ல."

டெர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பு தெரியாமலிருக்க.

"நடுவுல எழுந்து போகலையே?"

"தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல."

"யாராவது வந்தாங்களா?"

"மதியத் தூக்க நேரத்துல யார் மேடம் வரப்போறாங்க?"

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்கக்கா."

ரமோனா வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. டெர்லிஸ் தெம்பாக நிமிர்ந்தான். வந்துவிட்டாள், அவனுடைய முதல் சாட்சி!

"அக்கா, நீங்களே சொல்லுங்க. சத்தம் கேட்டுதா இல்லியா?"

"கேக்காம என்னடா... ஒரு வாளி ஐஸ் தண்ணியை எடுத்துட்டு வந்தேன், உன் தலையில ஊத்த."

டெர்லிஸின் முதுகு சில்லிட்டது.

"ஜன்னல் வழியா பார்த்தா நாற்காலி காலி. மேஜை மேல ஒரு குட்டி லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னுது. கை எட்டியிருந்தா அங்கயே நசுக்கியிருப்பேன். கம்பி தடுத்துடுச்சு. கால் மணி நேரம் காத்திருந்தேன்... நீ வரல."

"பொய்! இவங்களுக்கு என்மேல..."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். ஸ்டேஷன் முத்திரை. ரமோனாவின் கையெழுத்து. எழுதி வாங்கிய ஏட்டின் கையெழுத்து அதற்குக் கீழே தூக்கக் கலக்கத்தில் கோணிக்கொண்டு கிடந்தது.

"படிக்கிறேன் கேளு. 'ஆளே இல்லாத வீட்டில் ஒரு மெஷின் தனியாகக் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது. வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போடவும்.' நேரம், ஒண்ணு நாப்பது. பிணத்தை நாங்க பார்த்ததே மூணரைக்கு."

 

டெர்லிஸின் கையில் விலங்கு ஏறியது. இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"கொலை பண்ணதுக்கு எப்படியும் ஒரு வக்கீல் கிடைப்பான் தம்பி... மதியம் ஒரு மணிக்கு ஊரை எழுப்பினதுக்கு இந்த நாட்டுல எவனும் வாதாட வரமாட்டான்!"