பச்சை பைசனைக் காணோம்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

காலை ஏழு மணி. மயிலாப்பூர் வீட்டு ஹாலில் போன் அலறியது.

ஜலஜா பாய்ந்து எடுத்தாள். "ஹலோ?"

"பச்சை ஜீப்பு உன்னுதா?" கரகரத்த ஆண் குரல்.

"ஆமா... யாரு பேசறது?"

"வண்டி எங்கிட்ட கீது. ஒடனே கெளம்பி வா!"

ரிசீவரோடு ஜன்னலுக்கு ஓடினாள்.

வாசலில் வெறும் எண்ணெய்க் கறை. ஜீப் இல்லை!

"டேய்... எவ்வளவுடா வேணும்?"

"துட்டு வேணாம்மா!" குரல் திடீரென்று உடைந்தது. "வண்டி மணல்ல சிக்கிக்கினு நகரவே மாட்டேங்குது. ஊரூர் குப்பத்து சனங்க என்னைக் கயித்துல கட்டி வெச்சிக்கிது. டேஷ்போர்டுல கெடந்த உன் கார்டைப் பாத்து, அவங்களே காயின் போட்டு போனைக் காதுல வெச்சாங்க. வந்து வண்டிய எடும்மா... புண்ணியமாப் போவும்!"

டொக்.

ஜலஜா பதினோரு வருடமாகக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறாள். இப்படி ஒரு ரியாக்‌ஷனை அவள் பார்த்ததே இல்லை. திருடியவன், பறிகொடுத்தவளிடம் உதவி கேட்கிறான்!

அந்த ஜீப்பின் பெயர் பைசன். பிறந்தது நாலு வருடம் முன்னால், 1993-ல். பார்த்தால் 1943-ல் யுத்தத்துக்குப் போய், நேற்றுத்தான் திரும்பி வந்தது மாதிரி இருக்கும். உருண்டை ஹெட்லைட், புடைத்த மட்கார்டு, கேன்வாஸ் கூரை. இரண்டே வருடத்தில் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் உதிரி பாகங்களுக்காகப் புதுப்பேட்டையில் ஜலஜா ஏறி இறங்காத கடை கிடையாது. ஒரு க்ளட்ச் கேபிளுக்காகக் கோயமுத்தூர் வரை போனவள். இது போனால் இன்னொன்று கிடைக்காது!

சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள்.

காலி.

"ஆத்து மனுஷா யாரோதான் சாவியைக் கொடுத்திருக்கா!" மெல்லத் திரும்பினாள்.

ஃபேனுக்கு நேர் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருந்தான் அவள் கணவன் ஸ்ரீநாத்.

"போனாப் போறது, விடு ஜலஜா. ஒரு மாருதி வாங்கிக்கலாம்..."

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கறது?"

"சத்தியமா நான் திருடச் சொல்லலைடி! 'விற்பனைக்கு'ன்னு பேப்பர்ல ஒரு விளம்பரம் கொடுத்தேன். அவ்வளவுதான்!"

"என்னது?"

"ஒருத்தன்கூட போன் பண்ணலை!" அதில் அவனுக்கே ஒரு வருத்தம் தெரிந்தது.

இன்னொருத்தி மேலும் சந்தேகம் வந்தது. மாமியார் கோமளம். டெலிபோன்ஸில் இருந்து போன மாசம்தான் ரிடையர் ஆனவள். 'வண்டியா இது, எருமைமாடு!' என்று தினமும் திட்டுகிறவள். ஆனால் அவள் ஐந்தரைக்கே கபாலி கோவிலுக்குப் பிரதட்சணம் பண்ணப் போய்விட்டாளே!

*

ஜலஜா புகார் சொல்ல, குப்பத்துக்கு அவளோடும் ஸ்ரீநாத்தோடும் இன்ஸ்பெக்டர் முத்துகிருஷ்ணனும் வந்தார்.

படகுகளுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி அச்சு வரை புதைந்து நின்றது பைசன். பம்பரில் ஒரு வலை சுற்றியிருந்தது. பக்கத்துக் கம்பத்தில் ஒல்லியாக ஒருவன் கட்டப்பட்டிருந்தான்.

"பேரு?"

"டில்லிபாபு சார். டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரு."

"வாத்தியார் பண்ற வேலையாடா இது?"

மீன் கூடையோடு ஒருத்தி குறுக்கே வந்தாள். "சார், வெசாரணைய அப்பால வெச்சிக்க. மொதல்ல வண்டிய எடு. காத்தால புட்ச்சி ஒரு படகு எறங்கல!"

ஜலஜா ஜீப் கதவைத் திறந்தாள்.

"ஐயோ!"

டிரைவர் சீட்டு முழுக்கச் சிவப்பு!

இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் போனது. "ரத்தம்! யாரைடா போட்டுத் தள்ளினே?"

ஜலஜா விரலால் தொட்டு முகர்ந்தாள். முகம் வெளுத்தது.

"ரத்தம் இல்லை சார்... தாழம்பூ குங்குமம். எங்காத்துல இதை வெச்சுக்கறது ஒரே ஒருத்தர்தான்..."

"அம்மா!" ஸ்ரீநாத் பாய்ந்து டில்லிபாபுவின் சட்டையைப் பிடித்தான். "எங்கம்மாவை என்னடா பண்ணினே?"

இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார்.

"அடிக்காத சார்! சொல்லக்கூடாதுன்னு அந்தம்மா சத்தியம் வாங்கிச்சு. வண்டிய நான் ஓட்டல சார்!"

"பின்னே?"

டில்லிபாபு மோவாயால் ஒரு படகைக் காட்டினான்.

படகுக்குப் பின்னால் இருந்து, புடவையெல்லாம் மணலோடு ஓர் உருவம் எழுந்தது.

கோமளம்!

"கத்தாதேடா ஸ்ரீநாத். நான்தான் ஓட்டினேன்."

"நீயா? கோவிலுக்குன்னு சொல்லிண்டு போனியே?"

"ஒரு வாரமா நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னால சாவியை எடுத்துண்டு இங்க வந்து, இவன்கிட்ட வண்டி ஓட்டக் கத்துண்டிருக்கேன். இன்னிக்கு பிரேக்குன்னு நினைச்சுண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுட்டேன். மடியில வெச்சுண்டிருந்த குங்குமம் மொத்தமும் கொட்டிடுத்து. குப்பத்து ஜனங்க ஓடி வரதுக்குள்ள இறங்கி ஒளிஞ்சுண்டேன்." ஜலஜாவைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "முப்பத்தஞ்சு வருஷம் எக்சேஞ்சுல உக்காந்துண்டு ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தேன். நான் எங்கயும் போகலை. நீ இதுல ஏறிண்டு ஜம்முனு போறச்சே எனக்கு வயிறு எரிஞ்சுது. கேக்க வெக்கமா இருந்தது. அதான் திட்டினேன்."

ஜலஜா கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அந்த ஜீப்பில் முதல் நாள் உட்கார்ந்தபோது தானும் எந்தப் பெடல் எது என்று எண்ணிப் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது.

"இவரை அவிழ்த்து விடுங்கோ சார். கம்ப்ளெயிண்ட் வேண்டாம்."

டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினாள். மணலில் மண்டியிட்டு, முன் சக்கரங்களின் நடுவில் இருந்த குமிழ்களைத் திருகினாள்.

"இதைத் திருகி லாக் பண்ணினாத்தான் நாலு சக்கரமும் இழுக்கும், டில்லி."

"நான் கத்துக் குடுக்கறது மாருதி 800 மேடம்!"

வலையை அறுக்காமல் பிரித்துக் கொடுத்துவிட்டு, மாமியாரிடம் சாவியை நீட்டினாள். "ஏறுங்கோம்மா. சின்ன லீவரைப் பின்னால இழுங்கோ. க்ளட்சை மெதுவா விடுங்கோ."

"நானா?"

"நீங்கதான்!"

பைசன் உறுமியது. குலுங்கியது. மணலை வாரி இன்ஸ்பெக்டரின் தொப்பியில் கொட்டியபடி ஒரே தாவலில் வெளியே வந்தது!

"நின்னுடுத்து! பிரேக்கு எதுன்னு தெரிஞ்சுடுத்து!" என்று சிரித்தாள் கோமளம். "ஜலஜா, இன்னொரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?"

கூடைக்காரி குப்பம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

"டேய்... படகையெல்லாம் தண்ணில தள்ளுங்கடா! கடல்ல புயலே அடிச்சாலும் பரவால்ல... கரையிலதான்டா டேஞ்சர்!"