சுவரில் ஒரு கயிற்றுத் துளை

சுதந்திர தினத்துக்கு முந்தைய மதியம், பழைய நீதிமன்றக் கட்டடத்தை ஜொலிக்க வைக்க வந்த நான், அதை மொத்தமாக அணைத்துவிட்டேன். அத்தனை சீரியல் பல்புகளையும் ஒரே ஃபியூஸில் மாட்டினால் வேறென்ன ஆகும்? நான் இருபது வருட எலக்ட்ரீஷியன் என்று வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

கரண்ட் போன சந்தோஷத்தில் ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. லீவு நாள் வேலைக்கு முதலில் கை தூக்குகிறவன் நான்தான். வீட்டில் எனக்காகக் காத்திருப்பவை, கொடியில் காயும் இரண்டு சட்டைகள்.

ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்த பெரிய கூடத்தில் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் காற்று பட்டது.

நின்றது. மறுபடி பட்டது.

மின்விசிறிகள் அசையவில்லை. எங்கோ கயிறு உரசும் சத்தம். பழைய வியர்வை வாடை.

தோள் உயரத்தில் சுவரில் ஒரு துளை இருந்தது. அதன் விளிம்பு தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

"அண்ணே, இது என்ன ஓட்டை?" வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் காலத்துல மேல துணி விசிறி தொங்கும். அதோட கயிறு இது வழியா வெளிய போகும். தொரைக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஒருத்தன் வராந்தாவுல ஒக்காந்து நாள் பூரா இழுப்பான்."

"இப்ப யாரு இழுக்கறது?"

"காத்து வருதா இல்லியா? பேசாம வாங்கிக்க தம்பி."

அவர் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

வராந்தாவில் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. சுவரில் முதுகு சாய்ந்த கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. தொட்டேன்.

ஈரம்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் பாவமாக இருந்தது. இந்த மனுஷனிடம் யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது. கூடத்துக்குத் திரும்பி, அமைச்சர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, துளையில் வாய் வைத்தேன்.

"ஐயா, தொரைங்க எல்லாம் எப்பவோ கப்பலேறிட்டாங்க. நாளைக்கு சுதந்திர தினம். நீங்க வீட்டுக்குப் போலாம்."

காற்று நின்றது.

அனுப்பிவைத்துவிட்டேன் என்ற பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தப் புழுக்கத்தில், அவ்வளவு பெரிய கூடத்தில், நான் மட்டும்தான் இருந்தேன்.

"போயிட்டீங்களா?"

துளையில் காதை வைத்தேன்.

"என்கிட்டயாவது சொல்லுங்க. இத்தனை வருஷமா ஏன் போகல?"

துளைக்குள்ளிருந்து கயிற்றின் முனை மெல்ல நீண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. இப்போதுதான் யாரோ கையிலிருந்து விட்டது போல் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னை மாத்திவிட ஆள் வரலைங்க."