நாற்பதாயிரம் பேரின் நாக்கு

முற்பகல் விருந்தின் நடுவே, ஆப்பமும் முட்டையும் வாயில் இருக்கும்போதே கோதண்டபாணி தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டான். புதுச்சேரியில் நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் ‘ஆ’ என்று அலறினார்கள்.

கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாதா கோவிலில் பாடற்குழுவின் பாதிக்குரல் காணாமல் போயிற்று. முத்தியால்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போடும் நேரத்தில் வீறிட்டதை, பெண் வீட்டார் அபசகுனமா வியாதியா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

எல்லாம் நாவிழையின் மகிமை. தலைமுடியை விட மெல்லிய ஓர் இழை; மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். அனுப்புகிறவரின் நாக்கில் படும் சுவையும் வலியும் பெறுகிறவரின் நாக்கில் அப்படியே இறங்கும். அந்த நேரத்தில் பெறுகிறவரின் சொந்த நாக்கு உறங்கிவிடும். வீட்டில் உப்புச் சப்பில்லாத கூழை விழுங்கியபடியே, கோதண்டபாணி கடலோர உணவகத்தில் உடைக்கும் நண்டை ருசிக்கலாம். வசதியாக இருந்ததால் பலர் இணைப்பை அணைப்பதையே விட்டுவிட்டார்கள். பத்து வருடங்களாக இந்த ஊரில் ஒரு பெருங்கூட்டம் அவன் வாயில்தான் குடியிருந்தது.

அதற்கு முன்னால் அவன் பத்திரிகையில் உணவகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். ‘இந்த இட்லியை எறிந்து நாயை விரட்டலாம், ஆனால் நாய் பாவம்’ என்கிற ரகம். எழுதிவிட்டு, அந்த இட்லி சுட்டவர் படித்துவிடுவாரோ என்று ராத்திரியெல்லாம் புரள்வான். நாவிழை வந்ததும் வார்த்தைகளுக்கு வேலை போயிற்று. உணவகத்து வாசலில் மெய்யளவுப் பலகை வந்தது. சாப்பிடுகிறவனின் நாக்கு அடைந்த மகிழ்ச்சியை நேராக நாக்கிலிருந்தே அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று அது காட்டும். ‘நாக்கு ஏமாற்றாது’ என்பது இழையைச் செய்த மெய்ச்சுவை நிறுவனத்தின் விளம்பரம். கோதண்டபாணியின் நாக்கு அந்த நிறுவனத்தின் செல்லப்பிள்ளை. அதன் வழியாக எதைச் சாப்பிட்டாலும் இதமாக இருக்கிறது என்று மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ‘இன்னாக்கு’, அதாவது இனிய நாக்கு, என்று ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள். தங்கத்தில் ஒரு நாக்கு. அதை வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

அப்படிப்பட்ட நாக்கை அவன் தவறுதலாகக் கடித்துக்கொண்டான் என்றுதான் ஊர் நினைத்தது. உண்மை என்னவென்றால், வேண்டுமென்றேதான் கடித்தான்.

ஏனென்றால் அந்த உணவகம் அவன் தங்கை மரகதத்தினுடையது. ‘அலைமேடை’ என்று பெயர். வீட்டை அடகு வைத்து எடுத்த கடை. இரண்டு வருடம் தட்டுத்தடுமாறி ஓடியதை, ஒரே ஒரு முற்பகல் விருந்தால் தூக்கி நிறுத்திவிடலாம் என்று அவள் நம்பினாள். போன மாதம் லாஸ்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடை அவனுடைய ஒரே ஒரு கவளத்தில் மூடப்பட்டது. பலகையில் முப்பத்தொன்று விழுந்தது. அவன் கைகளைக் கூப்பி, “எனக்கு ஜலதோஷம்ங்க, நம்பாதீங்க” என்று வாசலில் நின்று கத்திப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. வாய் சொல்வதை எவன் நம்புவான், நாக்கு சொல்லும்போது?

“என்ன போட்டிருக்க மரகதம்?” என்று அன்று காலை கேட்டான்.

“சாப்பிட்டுச் சொல்லு.”

“ஒரு குறிப்பாவது கொடேன். பயமா இருக்கு.”

“உனக்கா? அப்பா காய்ச்சுற நிலவேம்புக் கஷாயத்தை ஒரே மடக்குல குடிச்ச ஆளு நீ. என் டம்ளரையும் பிடுங்கிக் குடிப்ப. உனக்கென்ன பயம்?”

அது குடும்பத்தில் புகழ்பெற்ற கதை. எட்டு வயதில், ஐந்து வயதுத் தங்கை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இரண்டு டம்ளரையும் முகம் சுளிக்காமல் காலிசெய்த அண்ணன். உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் மரகதம் அதைச் சொல்லிவிடுவாள். அவனும் ‘அட, விடு’ என்று கூசுகிற மாதிரி நெளிந்து, முழுக்கதையும் முடியும்வரை அங்கேயே நிற்பான்.

தட்டு வந்தது. ஓரம் முறுகிய ஆப்பம், நடுவில் குலுங்கும் முட்டை, மேலே ஏதோ கருகிய பூக்களும் பொடித்த வற்றலும். பக்கத்தில் நீளக் கண்ணாடிக் குவளையில் பச்சை நிறக் காக்டெயில். ரம், எலுமிச்சை, கருப்பட்டி, அப்புறம் ஏதோ ஒரு சாறு. அவன் முதலில் குவளையை உறிஞ்சினான். சர்க்கரைத் தண்ணீரில் இலையைப் போட்டு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்தான். முட்டை சரி. மேலே தூவியிருந்தது வைக்கோல். சந்தேகமே இல்லை, வைக்கோல்தான்.

அடுப்படித் திட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு மரகதம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமைக்கிறவர்கள் நாவிழை அணியக் கூடாது என்பது சட்டம். அதனால் அவனுடைய நாக்கில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பலகை சொன்னால்தான் உண்டு. வாசலில் எண்கள் உருள ஆரம்பித்தன. இருபத்தைந்தைத் தாண்டாது என்று அவனுக்குத் தெரிந்தது. எண் நிலைத்து நிற்க மூன்று வினாடி ஆகும்.

மரகதம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடித்தான். அரைகுறையாக இல்லை, நன்றாகவே கடித்தான்.

பலகையில் ‘அளக்க இயலவில்லை’ என்று எழுத்து வந்தது. வலி அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் காப்புமுறி ‘டக்’கென்று விழுந்தது. பத்து வருடத்தில் முதல்முறையாக நாற்பதாயிரம் பேர் கோதண்டபாணியின் வாயிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துத் தெருக்களிலிருந்து அறுபது எழுபது பேர் அலைமேடைக்கு வந்துவிட்டார்கள். சண்டை போடத்தான். முன்னால் நின்றவள் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் லூர்துமேரி. குரலும் பாரம் தூக்குகிற குரல்தான்.

“ஏன் சார், மாசாமாசம் பணம் கட்டுறோம். நாக்கைப் பாத்து வச்சுக்கக் கூடாதா? ஐம்பதடி உசரத்துல ரெண்டு டன் இரும்பைத் தூக்கி வச்சுட்டு நிக்கிறேன், நீங்க நறுக்குனு கடிக்கிறீங்க!”

“மன்னிச்சுக்கங்கம்மா. நானும் அந்த நாக்கோடதான் இருந்தேன்,” என்றான் கோதண்டபாணி, வீங்கிய நாக்கோடு. ‘மன்னிச்சுக்கங்கம்மா’ என்பது ‘மம்மம்மம்மா’ என்று வந்தது.

மரகதம் குறுக்கே வந்தாள். “திட்டுறதை உக்காந்து திட்டுங்க. இவ்வளவு பேர் என் கடைக்கு வந்ததே இல்ல. எல்லாருக்கும் ஒரு தட்டு, ஒரு குவளை. காசு வேண்டாம்.”

ஒரு நாக்கிலிருந்து தங்கையைக் காப்பாற்றப் போய், கோதண்டபாணி அவளை அறுபது நாக்குகளிடம் மாட்டிவிட்டுவிட்டானே. துண்டித்த இணைப்புக்குப் பின்னால் அவரவர் சொந்த நாக்கு விழித்துக்கொண்டிருக்கும். வைக்கோலை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறுபது பேர் குவளையைத் தூக்கினார்கள்.

அதன் பிறகு நடந்ததை அவன் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. அறுபது முகங்களும் ஒரே சமயத்தில் சுருங்கின. கண்கள் இறுகின, உதடு கோணியது, ஒரு பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். போச்சு, என்று அவன் கண்ணை மூடினான். திறந்தபோது அந்த முகங்கள் மெதுவாக விரிந்துகொண்டிருந்தன, ஏதோ கதவு திறந்து வெளிச்சம் விழுகிற மாதிரி. கடல் சத்தம் கேட்டது. ஒருவர், இரண்டு பேர், பிறகு எல்லோருமே குவளையை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்கள், இப்போது மிக மெதுவாக, கோவிலில் தீர்த்தம் வாங்குகிறவர்கள் போல. ஓர் இளைஞன் ஆப்பத்தின் மேலிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். துடைக்கவும் இல்லை.

கோதண்டபாணி லூர்துமேரியிடம் ஓடினான். “எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க, என் தங்கச்சி கடைதான், ஆனா நான் தாங்கிக்குவேன்.”

பத்து வருடமாக யாரும் அவளை இந்தக் கேள்வி கேட்டதில்லை. பலகைதான் சொல்லிக்கொண்டிருந்தது.

“தொண்டைக்குள்ள யாரோ விளக்கு ஏத்துன மாதிரி இருக்கு சார்.”

“அது நல்லதா, கெட்டதா?”

“தெரியல. முதல்ல துப்பிடலாம்னு வந்துச்சு. அப்புறம் அதுக்குப் பின்னாடி இனிப்பு ஒண்ணு வருது பாருங்க... இத்தனை நாள் இனிப்புன்னு நெனச்சது இனிப்பே இல்ல சார். இன்னொண்ணு கொடுக்கச் சொல்லுங்க.”

பெரியவரைக் கேட்டான். “இதுக்கு ஒரு பேர் உண்டு தம்பி. நாக்கு நுனியில நிக்குது,” என்று அவர் தலையைச் சொறிந்தார். அழுதுகொண்டிருந்த இளைஞனைக் கேட்டான். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதை எந்த எண்ணில் சேர்ப்பது?

கோதண்டபாணி ஒரு முழுக் குவளையை எடுத்து, கடிபடாத பக்கமாகச் சாய்த்து மெல்லக் குடித்தான். சர்க்கரைத் தண்ணீர். இலை. வேறொன்றும் இல்லை. ஊரே தேரோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவன் மாதிரி அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மரகதம், எல்லாரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா? என்னதான் இருக்கு அதுல?”

மரகதம் அந்த அறுபது முகங்களையும் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை, அதில் ஒரு சுருக்கம்கூட விழாததை, ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர் இருந்தது. கறுப்பாக, அடர்த்தியாக. அது தன்னைத் தாண்டிப் போனபோதே லூர்துமேரி மூக்கைச் சுளித்து நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

“இதைக் குடி.”

அவன் குடித்தான். ஒரே மடக்கில், பழைய பழக்கம். கூட்டத்திலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு முனகல் எழுந்தது.

“தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு,” என்றான். “நாக்கு கடிபட்டிருக்குல்ல, அதான் ஒண்ணும் தெரியல.”

“எட்டு வயசுலயும் கடிச்சா வச்சிருந்த?”

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது காலடியில் மணல் நகர்வது போலிருந்தது. பத்து வருடங்களாக ஊரில் நடந்தவை ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. சந்தையில் பாகற்காய் வாங்க ஆளில்லாமல் போனது. காபிக் கொட்டையை வறுப்பதே வீண் என்று கடைக்காரர்கள் வெளிறிய பானம் ஒன்றைக் காபி என்று விற்க ஆரம்பித்தது. வேப்பம்பூ ரசத்தை உணவகங்கள் பட்டியலிலிருந்து எடுத்தது. காலம் மாறிவிட்டது, மக்கள் இனிமையாகிவிட்டார்கள் என்று அவனே ஒரு மேடையில், கழுத்தில் மாலையோடு, பேசியிருக்கிறான்.

“என்ன ஊத்திக் கொடுத்த?” அவன் காலி டம்ளரை நீட்டினான். “நேராச் சொல்லு மரகதம். எனக்கு என்ன?”

அவள் டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நிலவேம்புக் கஷாயம்டா, தண்ணி கலக்காதது. இந்த ஆப்பத்து மேல வேப்பம்பூவும் சுண்டை வத்தலும், காக்டெயில்ல பாகற்காய்ச் சாறு. உனக்குக் கசப்பு தெரியாதுடா அண்ணா. பொறந்ததுலருந்தே தெரியாது. எனக்காகத்தான் குடிச்சன்னு முப்பத்தஞ்சு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ அன்னிக்கு எனக்காக எதையும் தாங்கல.” அவன் உதட்டின் ஓரத்தில் உறைந்திருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். “இன்னிக்குத்தான் தாங்கியிருக்க.”