அரையால் வகுத்தல்

மறப்பியைத் தலையில் மாட்டுவதற்கு முன் செண்பகவல்லி கடைசியாகச் செய்தது, டீயில் படிந்திருந்த ஆடையை விரலால் ஒதுக்கியது.

"வருசா வருசம் வந்து தூங்கிட்டுப் போறதுக்கு ஒரு பயிற்சி," என்றாள் பக்கத்து நாற்காலி உம்முசல்மா. இருவரும் ஒரே சமுதாயக் கல்லூரியின் கணித ஆசிரியைகள். "போன தடவ என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

"சாப்பாட்டுல உப்பு இல்ல. அது மட்டும் இருக்கு."

மறப்பி, தலைக்குள் ஒரே ஒரு கணக்கை மட்டும் உறங்க வைக்கும் கருவி. மாணவர்கள் அதிகம் தோற்கும் பாடம் பின்னத்தால் வகுத்தல் என்பதால், ஆண்டுதோறும் அதுதான். புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்கள் ஒரு பகல் அனுபவிக்க வேண்டும். மாலையில் கணக்கைத் திருப்பித் தருவார்கள்.

கருவி மெல்ல அதிர்ந்து ஓய்ந்தது. பலகையில் மூன்றை அரையால் வகுக்கச் சொல்லியிருந்தது. செண்பகவல்லிக்கு ஒன்றரை என்று தோன்றியது.

"அரையத் தலைகீழாக்கிப் பெருக்குங்க, ஆறு. அவ்வளவுதான்," என்றார் பயிற்றுநர். "புரிஞ்சுதுங்களா?"

அறை முழுவதும் தலையாட்டியது.

"எனக்கு ஒரு எழவும் புரியல," உம்முசல்மா கிசுகிசுத்தாள். "உங்களுக்கு?"

"எனக்குந்தான்."

"அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டுனீங்க?"

"நீங்க ஆட்டுனீங்களே!"

சிரிப்பு அடங்கியதும் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று கூசியது. தையல் பிரிவு மாணவி யாழிசை பலகை முன் நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. 'அஞ்சாங்கிளாஸ் கணக்கும்மா இது' என்று அன்று சொன்னது செண்பகவல்லிதான். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை.

இந்தக் கணக்கைத் தனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கணவர் அருள்தாஸ். கல்யாணமான புதிதில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தேடினாள். சமையலறையில் அரை லிட்டர் எண்ணெய் பாட்டிலும் கையுமாக நிற்கிறார். உதடுகள் அசைகின்றன. சத்தமில்லை.

மாலையில் கருவியாளர் நவநீதனிடம் முதல் ஆளாக ஓடினாள். "எங்க வீட்டுக்காரரு பேசறது கேக்கலீங்க."

"பழசத் திருப்பிப் போட்டா கேக்குமுங்க மேடம். ஆனா இன்னிக்குப் புரியாம உக்காந்திருந்தீங்களே, அது போயிரும். ரெண்டுக்கும் ஒரே எடந்தான்."

"வேண்டாம்னு சொன்னா?"

"பழசு இன்னியோட அழிஞ்சுரும். கணக்கப் புதுசாப் படிச்சுக்கணும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

நவநீதன் தயங்கினான். "போன வருசமும் இதையேதான் கேட்டீங்க. அழுதீங்க. அவருதான் வேணும்னு பழசையே போடச் சொன்னீங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் அப்படித்தானுங்க. அதனாலதான் வருசா வருசம் நடக்குது."

அப்படியானால் போன ஆண்டும் இதே கூச்சத்தை உணர்ந்திருக்கிறாள். உணர்ந்ததை அழித்துவிட்டு, யாழிசையிடம் போய் 'அஞ்சாங்கிளாஸ் கணக்கு' என்று சொல்லியிருக்கிறாள்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. செண்பகவல்லி பழசைக் கேட்காமலே மறப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் ஆளனுப்பி யாழிசையை வரவழைத்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு இது மண்டையில ஏறாதுங்க மேடம்."

"எனக்கும் ஏறலம்மா. போன மாசந்தான் படிச்சேன். வா, உக்காரு."

"சும்மா சொல்றீங்க!"

"சத்தியமா. மூணு மீட்டர் துணி. அரை அரை மீட்டராக் கிழிச்சா?"

"ஆறு துண்டு." யாழிசை பலகையைப் பார்த்தாள். பிறகு செண்பகவல்லியை. "இதத்தான் இவ்வளவு நாளாக் கேட்டீங்களா?"

அருள்தாஸ் சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்குமோ? வேறு மாதிரியாகவும் இருந்திருக்கலாம். இனி தெரிய வழியில்லை. சமையலறையில் அவர் நிற்கிறார், உதடுகள் அசைகின்றன. வெள்ளைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பச்சை; பேச்சு கேட்ட நாளில் அதை அவள் கவனித்ததே இல்லை.