வைனில் கழுவிய கை

மதிய வெயிலில் அர்கிரோ கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கையில் அலுமினியப் பேசின், வெள்ளைத் துணி, ஒரு பாட்டில் சிவப்பு வைன். அவர்கள் ஊர் வழக்கப்படி, ஒருவர் செத்து மூன்று வருடமானால் எலும்பைத் தோண்டியெடுத்து, வைனில் கழுவி, பெட்டியில் அடுக்க வேண்டும். எலும்பு சுத்தமாக வந்தால் ஆள் நிம்மதியாகப் போய்விட்டான். சதை ஒட்டியிருந்தால் இன்னும் போகவில்லை.

புருஷனின் அக்கா காலியோ முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தாள். பாட்டிலைப் பார்த்து, "என் தம்பிக்கு இது ஒரு மடக்குக்குக் காணாதே," என்றாள்.

அர்கிரோ சிரிக்கவில்லை. புருஷன் லாம்ப்ரோஸ் குடித்துவிட்டு வந்து வாசலிலேயே விறைத்துச் செத்த அந்தப் பனி இரவில், அவள் தூங்கிவிட்டதாகத்தான் ஊர் நம்பியிருந்தது.

மண்ணில் ஈர நெடி. மண்டையோடு மெழுகு நிறத்தில் வந்தது. விலா எலும்புகள் வந்தன. எல்லாம் சுத்தம்.

வலது கை மட்டும் தோலோடு இருந்தது.

விரல்கள் மடங்கி, கதவைத் தட்டுகிற மாதிரி.

வைன் ஊற்றித் தேய்த்தாள். மடங்கிய விரல் மடங்கியபடியே நின்றது. ஜூன் மாத வெயிலில் அது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

அவளுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"அன்னைக்கு நான் முழிச்சுதான் இருந்தேன் மதினி. தட்டினது கேட்டுச்சு. அவர் அடிச்ச அடியில பேச்சு நின்னுபோன பிள்ளை அப்பதான் அசந்து தூங்குச்சு. நான் திறக்கல."

காலியோ பேசினை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அதுக்கு முன்னாடி என் கதவைத்தான் தட்டினான். நானும் திறக்கல."

வைன் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் போன பிறகுதான் பிள்ளை பேசினா. அது நல்லதுதான், அதுக்கு வருத்தப்பட மாட்டேன். திறக்காததுக்குச் சாகிற வரைக்கும் வருத்தப்படுவேன். ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

"நல்லாத்தான் பேசுறா. நேத்து என்னையே கிழவின்னா."

எலும்புகளை அடுக்கி, கையை மேலே வைத்து, பெட்டியை மூடி எலும்பறைத் தட்டில் ஏற்றினார்கள். வெளியே வர அடியெடுத்தார்கள்.

டொக். டொக்.

"திரும்பாதே," காலியோ கிசுகிசுத்தாள்.

அர்கிரோ திரும்பிப் போய் மூடியைத் திறந்தாள்.

விரல்கள் விரிந்திருந்தன.

அப்படியே திறந்து வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கதவுக்கும் தாழ்ப்பாள் போடுவதில்லை. விடிந்ததும் துணியோடு போய்த் துடைக்கிறாள். வாசலில் அல்ல. உள்ளே, அடுப்போரத்தில், ஒரு ஆள் சுருண்டு படுத்த அளவுக்கு ஈரம். பிள்ளை அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, ஓயாமல் பேசியபடி பள்ளிக்கூடம் போகிறாள்.